அம்மிணியும் செவ்வரளியும்

அம்மிணி நாலு காலையும் தூக்கிக்கொண்டு செவ்வரளிச் செடியருகே மல்லாந்து கிடந்தாள். வாயோரம் எச்சில் ஒழுகியது.

செடியைச் சுற்றிக் களை பிடுங்கிக் குவித்துவிட்டு, ஒரு சாயா குடிக்கத்தான் கற்பகம் உள்ளே போயிருந்தாள். அதற்குள் இந்தக் கோலம்.

அம்மிணி, வீட்டுக்காரி சங்கரி சேச்சியின் பூனை. மகளைப் பார்க்கத் தேவராவுக்குப் புறப்படும்போதே சேச்சி சொல்லியிருந்தாள். "அம்மிணிக்கு வல்லதும் ஆச்சுன்னா, நீயும் உன் மாப்பிள்ளையும் வேற வீடு பார்த்துக்கோ."

மட்டாஞ்சேரியில் இந்த வாடகைக்கு ஒரு வீடு காலியாக வேண்டுமென்றால் யாராவது செத்தால்தான் உண்டு. அப்போதும் மருமகன் வந்து உட்கார்ந்துகொள்வான்.

பக்கத்து வீட்டு விஜி வந்தாள். போனைத் தடவி மலையாளத்தில் படித்தாள்.

"அக்கா, அரளி இலை, பூ, வேர் எல்லாமே பூனைக்கு விஷமாம்."

"கடிச்ச இலை ஒண்ணுகூட இல்லையே விஜி."

"தின்னிட்டு வாயைத் துடைச்சிருக்கும். பூனையல்லே."

ஞாயிற்றுக்கிழமை, மிருக ஆஸ்பத்திரி பூட்டு. பிராட்வே ஓட்டலில் பரோட்டா போடும் கணவன் பாண்டியராஜனுக்குப் போன் அடித்தாள் கற்பகம்.

"செடிக்கு வலையைக் கட்டுடி. இதுக்கெல்லாமா கூப்பிடுவ?"

பழைய கொசுவலையைக் கட்டினாள். வலை நிலத்தில் படிய வேண்டுமே என்று மிச்சக் களையையும் பிடுங்கிப் போட்டாள். அம்மிணி எழுந்து வந்து, களையோடும் வலையோடும் உருண்டு, தன்னையே பொட்டலமாகக் கட்டிக்கொண்டாள். கண் சொருகியது.

"தலைக்கு ஏறியாச்சு," என்றாள் விஜி.

கற்பகத்தின் வீட்டில் சிரங்கானாலும் பூரான் கடியானாலும் ஒரே வைத்தியம்தான்: குப்பைமேனியும் மஞ்சளும். பிடுங்கிய களையில் பாதி குப்பைமேனிதான். வேரோடு அள்ளி, மஞ்சள் சேர்த்து அம்மியில் அரைத்துப் பூனையின் முதுகில் அப்பினாள்.

மஞ்சள் பூனையாகிவிட்ட அம்மிணி முதலில் தன் முதுகை நக்கினாள். பிறகு கற்பகத்தின் கையை. கடைசியில் அம்மிக்கல்லைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அடிக்குரலில் நீளமாக ஊளையிட்டாள்.

"அக்கா, இது பிராணன் போற சத்தம்."

"வாயைக் கழுவுடி."

ஆனாலும் அரிவாளை எடுத்தாள். வெறும் கம்பாக நட்டு, உப்புத் தண்ணீருக்குப் பயந்து பயந்து வளர்த்த செடி. வெள்ளிக்கிழமை தவறாமல் காளிக்குப் பூக்கொடுத்த செடி.

"தாயே, இந்த வெள்ளிக்கிழமை உனக்குக் கடைப்பூதான். வீடு போச்சுன்னா உனக்கும் மூலை இல்ல," என்று சொல்லிவிட்டு, அடியோடு வெட்டினாள்.

கேட்டருகே ஆட்டோ வந்து நின்றது. சங்கரி சேச்சி இறங்கினாள். வெட்டிய அரளியைப் பார்த்தாள். அம்மியைத் தழுவிக் கிடந்த மஞ்சள் உருவத்தைப் பார்த்தாள்.

"சேச்சி, அரளியைத் தின்னுடுச்சு போல. என்னெல்லாமோ செஞ்சு பார்த்தேன். செடியையும் வெட்டிட்டேன்," என்றாள் கற்பகம்.

சேச்சி பூனையைத் தூக்கி வாயை முகர்ந்தாள். களைக் குவியலைக் காலால் கிளறிப் பார்த்தாள்.

"அரளியை இவ திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாளே. ஆரு இவளுக்கு இத்தனை குப்பைமேனி வேர் கொடுத்தது? நான் ஓணத்துக்கு ஒண்ணு, விஷுவுக்கு ஒண்ணுதான் கொடுப்பேன்; கூடிப்போனா கள்ளு குடிச்ச மாதிரி பாட ஆரம்பிச்சிருவா."