உங்கள் ராத்தாவின் தலை, படங்களாக

அன்பு மச்சான் டொக்டர் அஹ்ஸனுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். கல்முனைக்குடியிலிருந்து பளீல் எழுதுகிறேன். இங்கே நானும் உங்கள் உடன்பிறந்த ராத்தா சுஹறாவும் அல்லாஹ்வின் கிருபையால் சுகம் என்று எழுதத்தான் ஆசை. சுகமா இல்லையா என்று சொல்லவேண்டியவரே நீங்கள் என்பதால் அந்த இடத்தை வெறுமையாக விட்டிருக்கிறேன்.

ராத்தாவின் தலையிடிக்கு ஸ்கேன் எடுத்ததும், அதில் ஒரு சிறு புள்ளி தெரிகிறது என்று ஆஸ்பத்திரிக்காரர்கள் எழுதி டிஸ்க்கோடு கொடுத்ததும், "டிஸ்க்கில இரிக்கிற படங்கள எனக்கு அனுப்புங்க மச்சான்" என்று அவுஸ்திரேலியாவிலிருந்து நீங்கள் சொன்னதும் ஞாபகமிருக்கும். படம்தானே என்று நினைத்து டிஸ்க்கை வீட்டுக் கொம்பியூட்டரில் போட்டேன். உள்ளே படமே இல்லை மச்சான்! பெயரில்லாத, வெறும் எண்கள் மட்டுமுள்ள கோப்புகள் நூற்றுக்கணக்கில் கிடந்தன. எதைத் தொட்டாலும் திறக்கவில்லை. ராத்தா பின்னால் நின்று, "என்ட தலைக்குள்ள ஒன்டுமில்லையாமா?" என்று கேட்டாள். டிஸ்க்கை வெளியே எடுத்துத் துடைத்து மறுபடி போட்டேன்.

பிறகு இருவருமாக பஸ்னாவின் ஸ்டூடியோவுக்குப் போனோம். அடையாள அட்டைக்குப் படம் எடுப்பாளே, அந்தப் பிள்ளைதான். "இது ஆஸ்பத்திரி மெசினுக்கு மட்டும் விளங்குற கோப்பு. சாதாரண படமா மாத்தலாம், ஒரு புரோகிராம் இரிக்கி" என்றாள். மாற்றினாள். எல்லாம் கறுப்பு. மையிருட்டுச் சதுரங்கள். ராத்தா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பயப்பிடாதீங்க மாமி. நம்மட கண்ணுக்குப் புடிபடாத அளவுக்கு இதுல வெளிச்சமும் நிழலும் இரிக்கி. எந்த அளவு வேணும் என்டு நாமதான் செல்லணும்" என்று பஸ்னா எதையோ நகர்த்தினாள். இருட்டு மெல்ல விலகியது. சுப்ஹானல்லாஹ்! முதலில் மண்டையோட்டின் வட்டம், பிறகு இரண்டு கண்களும் உருண்டையாக, அவற்றின் பின்னே கடலடிப் பவளம்போல மடிந்து மடிந்து மூளை. ஒவ்வொரு படமும் ஒரு மெல்லிய துண்டு. பஸ்னா வேகமாக ஓட்ட ஓட்ட, ஒன்றுக்குள்ளிருந்து ஒன்று விரிந்துகொண்டே போனது. போட்டோப்பிரதி எடுக்க வந்த சில்வெஸ்டர் மாஸ்டர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். இத்தனை வருடம் எதிரே உட்கார்ந்து சோறு தின்றிருக்கிறேன், இந்தத் தலைக்குள் இப்படியொரு உலகம் இருந்ததை நான் அறியவில்லை.

அந்தக் கோப்புக்குள் ராத்தாவின் பெயர், வயது எல்லாம் எழுதியிருந்தது. படமாக மாற்றினால் அதெல்லாம் விடுபட்டுப்போகுமாம். "பேர மட்டும் எழுதி உடு புள்ள, வயசு போனா போகட்டும்" என்றாள் உங்கள் ராத்தா. சிரித்தோம். அப்புறம் திரையைத் தொட்டு, மெதுவாகக் கேட்டாள்: "எங்கட உம்மாட குரல் இதுல எந்த இடத்துல இரிக்கும்?"

"அது படத்துல உழாது மாமி" என்றாள் பஸ்னா.

அந்தப் படங்களைத்தான் இத்துடன் இணைத்திருக்கிறேன். ஒவ்வொன்றையும் பிஸ்மி சொல்லித் திறந்து பாருங்கள். மச்சிக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் ஸலாம். உங்கள் கண்ணுக்கும் கைக்கும் அல்லாஹ் பறக்கத் செய்வானாக.

இப்படிக்கு,
உங்கள் மச்சான் பளீல்

பி.கு.: கையெழுத்துப் போட்ட பிறகுதான் உங்கள் குரல்பதிவைக் கேட்டேன். "மச்சான், படமா மாத்தாதீங்க, மாத்தினா எனக்குத் தேவையானது போயிரும். பஸ்னா டிஸ்க்கில இரிந்தத அப்பிடியே எனக்கு அனுப்பிட்டா. பாத்திட்டன். அந்தப் புள்ளி பிறவியிலயே உள்ள சின்ன நீர்க்குமிழி, ஒன்டும் செய்யாது. ராத்தாட கண்ணாடிய மாத்துங்க, தலையிடி போயிரும்." அல்ஹம்துலில்லாஹ்! ராத்தா அழுதாள், சிரித்தாள், திரும்பவும் அழுதாள். ஆகவே மேலே எழுதியது எதுவும் தேவையில்லை, இணைத்த படங்களையும் அழித்துவிடுங்கள். இங்கேதான் அழிக்க முடியவில்லை. ஒன்றைப் பெரிதாக அச்செடுத்து ஹோலில் மாட்டச் சொல்கிறாள். வீட்டில் உருவப்படம் மாட்டுவது மார்க்கத்தில் கூடாது என்றேன். "இதுல என்ட உருவம் எங்க தெரியிது, காட்டுங்க பாப்பம்?" என்கிறாள். நானும் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.