இலக்கம் ஒன்று, மின்வாகன வீதி

நாடு பெற்றோலைக் கைவிட்டு மின்சாரத்துக்கு மாற வேண்டும் என்னும் தீர்மானம் கொழும்பிலிருந்து புறப்பட்டு, வட்டகொடைக்கு மேலே உள்ள ஊசிமலைத் தோட்டத்தை வந்தடையப் பதினொரு மாதங்கள் சென்றன. இதில் குறை காண்பதற்கில்லை. தீர்மானம் டீசல் பஸ்ஸில் வந்தது. மலைப்பாதையில் டீசல் பஸ் மெதுவாகத்தான் ஏறும்.

வந்த தீர்மானம் ஒரு நோட்டீஸாக உருக்கொண்டு, தோட்டத்தின் மேற்பிரிவில் பெரட்டுக்களத்துச் சுவரில் ஒட்டப்பட்டது. காலையில் தொழிலாளரைப் பெயர் சொல்லி வேலைக்குப் பிரிக்கும் இடம் அது. நோட்டீஸ் இருபக்கமும் அச்சிடப்பட்டிருந்தது. தமிழ்ப் பக்கம் சுவரோடு சேர்த்து ஒட்டப்பட்டமையால், மக்கள் சிங்களத்தில் வாசித்து விடயத்தை அறிந்துகொண்டனர். பெற்றோல் முச்சக்கரவண்டி வைத்திருப்போர் அதன் எஞ்சினை அரசிடம் ஒப்படைத்தால், மின்மோட்டாரும் பற்றரியும் இலவசமாகப் பொருத்தித் தரப்படும். வருங்காலச் சந்ததி வாழ்த்தும்.

மேற்பிரிவில் இருந்தது ஒரேயோர் ஆட்டோ. அதன் இலக்கம் 4417. அதனை ஓட்டியவர் நாகலெட்சுமி. கணவர் கொழும்பில் ஒரு கடையில் வேலை பார்த்துத் தீபாவளிக்கு மட்டும் வீடு வருபவராதலால், ஆட்டோவும் குடும்பமும் அவர் கையில் இருந்தன. பெற்றோலோடு அவருக்குப் பகையில்லை. மின்சாரத்தின்மீது காதலும் இல்லை. அவருக்குத் தேவைப்பட்டது ஒரு முகவரி.

காரணம் எளியது. அத்தோட்டத்தில் தபால் முழுவதும் ஒரே பையில் தோட்டத்து அலுவலகமான கந்தோருக்கு வரும். மறுநாள் பெரட்டில், வேலைப் பதிவேட்டில் உள்ள பெயர்களைக் கங்காணி வாசிக்கும்போது, பெயருக்குரியவர் கடிதத்தைப் பெற்றுக்கொள்வார். நாகலெட்சுமி ஆட்டோ ஓட்டப் போனபின் அவர் பெயர் பதிவேட்டில் இல்லை. வாசிக்கப்படாத பெயருக்குக் கடிதம் கொடுப்பது எங்ஙனம்? அவருடைய மகள் சுதர்ஷினிக்குத் தாதியர் பயிற்சி நேர்முகத் தேர்வுக்காக வந்த கடிதம், கொழுந்து நிறுக்கும் தராசுப் புத்தகத்தின் கீழே இருபத்திரண்டு நாள்கள் துயின்று, தேர்வு முடிந்து பதினோராம் நாள் எழுந்து வந்தது. சுதர்ஷினி இவ்வாண்டு மீண்டும் விண்ணப்பித்திருந்தாள். இரண்டாம் கடிதமும் அதே புத்தகத்தின் கீழே படுக்குமா என்பதே அவ்வீட்டில் பேசப்பட்ட ஒரே விடயம்.

அரசுப் படிவத்தில் ஏறும் வாகனத்துக்கு ஒரு முகவரியும் கிடைக்கக்கூடும் என்றெண்ணி, நாகலெட்சுமி மின்வாகன விண்ணப்பப்படிவத்தைப் பெற்றார். ஒன்பதாம் கூட்டில், ‘வாகனம் இரவில் தரித்து நின்று மின்னேற்றம் பெறும் தனி முகவரி’ என்று இருந்தது. அதை நிரப்ப வழியறியாது, படிவத்தோடு நுவரெலியாவுக்குப் போனார்.

பசுமைப் போக்குவரத்து நிலைமாற்றப் பணிமனை என்னும் அக்கந்தோர் காகிதமற்ற கந்தோர். ‘இது காகிதமற்ற கந்தோர்’ என்று காகிதத்தில் அச்சிட்டு நான்கு சுவர்களிலும் ஒட்டியிருந்தார்கள். அதன் பொறுப்பாளர் பரமலிங்கம், யாழ்ப்பாணத்தவர். இருபத்தேழு ஆண்டு சேவையில் ஒரு சுற்றறிக்கையையும் மீறாதவர். அவருக்கு இரக்கம் இல்லை என்று கூறுவது அநீதி. இரக்கம் காட்டுமாறு அவருக்குச் சுற்றறிக்கை எதுவும் வந்ததில்லை.

“இருங்கோ அம்மா. வாகனம் இரவில எங்க நிக்கும்?”

“லயத்துக்கு முன்னாலதாங்க ஐயா.”

“அந்த முகவரியில எத்தினை குடும்பம்?”

“வரிசையா ஒட்டிக் கட்டின இருபத்திநாலு காம்பரா. அறைக்கு ஒண்ணா இருபத்திநாலு குடும்பங்க.”

பரமலிங்கம் பேனையை மூடினார். “அது சரிவராது. ஒரு வாகனத்தை இருபத்திநாலு குடும்பத்தோட ஒரே முகவரியில வச்சிருக்கேலாது. அதுக்கும் ஒரு மரியாதை இருக்கெல்லோ? தனி முகவரி வேணும்.”

“எனக்கே தனி முகவரி கெடையாதுங்களே.”

“உங்களுக்கு வேணும் எண்டு சுற்றறிக்கையில இல்லை. வாகனத்துக்குத்தான் வேணும்.”

“இல்லாட்டி என்னாங்க செய்யிறது?”

பரமலிங்கம் சுற்றறிக்கையின் பக்கங்களைப் புரட்டினார். அருகே இருந்த எழுதுவினைஞர் யசோதினி, “பந்தி பதினாலு, சேர்,” என்று எடுத்துக்கொடுத்தார். பரமலிங்கம் எழுந்து நின்று வாசித்தார்: “முகவரியற்ற வாகனத்துக்கு, அது தரித்து நிற்கும் தோட்டத்திலேயே ஏழு பேர்ச் காணி, பதினான்கு நாள்களுள், உறுதிப்பத்திரத்துடன் வழங்கப்படுதல் வேண்டும்.”

“யாருக்குங்க?”

“வாகனத்துக்கு.”

“ஐயா, நாங்க வீடு கட்ட ஏழு பேர்ச் கேட்டு, எங்கப்பா காலத்துல இருந்து மனுக் குடுக்கிறோம்...”

“அது வேற திணைக்களம், அம்மா.”

தோட்டத்துத் துரை இதற்கு ஒருபோதும் இணங்கார் என்றே மேற்பிரிவினர் எண்ணினர். கோழிக்கூடு கட்ட இடம் கேட்டவருக்கே, தோட்டத்தில் தேயிலைக்கன்றி ஓரடி நிலமும் இல்லை என்று எழுத்தில் பதில் தந்தவர் அவர். ஆயினும் காலம் மாறியிருந்தது. கடல் கடந்த சீமையில் தேநீர் அருந்துவோர், கோப்பையை வாயில் வைக்குமுன் அத்தேயிலை விளைந்த தோட்டத்தில் மின்வாகனம் உண்டா என்று விசாரிக்கும் நாகரிகம் அவ்வாண்டில் பரவியிருந்தது. கொழுந்தெடுத்தவர் எங்கே உறங்குகிறார் என்று விசாரிக்கும் நாகரிகம் இன்னும் பரவவில்லை. துரை அன்றே கையெழுத்திட்டார்.

பதினான்காம் நாள் 4417க்குக் காணியுறுதி வழங்கப்பட்டது. வாகனத்துக்குக் கையெழுத்திடத் தெரியாமையால், முன் டயரில் மை பூசி உறுதியில் உருட்டினார்கள். அதே நாளில் எஞ்சினும் கழற்றிக்கொண்டு போகப்பட்டது. காணியில் கொன்கிரீட் தரையும், ஒழுகாத கூரையும், குழாய்நீரும், மின்னிணைப்பும், என்றேனும் வரக்கூடிய தொழில்நுட்பவியலாளரின் வசதி கருதி ஒரு மலசலகூடமும் அமைந்தன. வாயிலில் ஒரு பலகை அறையப்பட்டது: இலக்கம் ஒன்று, மின்வாகன வீதி, ஊசிமலை, வட்டகொடை.

அடுத்த காம்பராவில் வாழ்ந்த மூக்கன், வேலையிலிருந்து ஓய்வுபெற்ற பின் பிறர் வேலையைப் பார்ப்பதையே வேலையாகக் கொண்டவர். அவர் பலகையைச் சுற்றி வந்தார்.

“ஏ நாகு, நம்ம தாத்தனுங்க இந்தியாவுல இருந்து மனுசனா வந்து எறங்காம ஆட்டோவா வந்து எறங்கியிருந்தா, இந்நேரம் நமக்கெல்லாம் உறுதி கெடைச்சிருக்குமே!”

“வந்த காலத்துல ஆட்டோ ஏதுண்ணே?”

“அதான் தப்பு. அவசரப்பட்டுட்டானுங்க.”

அன்று பெய்த மழையில் லயத்துக் காம்பராவில் ஏழு இடங்களில் ஒழுகியது. 4417 நனையவில்லை. மறுநாள் நாகலெட்சுமி பாயையும் பானையையும் மகளையும் அழைத்துக்கொண்டு இலக்கம் ஒன்றுக்குக் குடிபெயர்ந்தார். சுதர்ஷினி அன்றே தன் விண்ணப்பத்துக்குப் புதிய முகவரியை எழுதி அனுப்பினாள்.

மூன்றாம் வாரம் பரமலிங்கம் பரிசோதனைக்கு வந்தார். பணிமனையின் மின்கார் மேட்டில் ஏறாது என்பதால் டீசல் ஜீப்பில் வந்தார். எனினும் சூழலைக் கருதி, ஜீப்பின் குளிரூட்டியை நிறுத்தியிருந்தார். எப்போதும் குளிரும் நுவரெலியாவில் எவரும் குளிரூட்டியைப் போடுவதில்லை என்பது வேறு விடயம்.

“இது என்ன?” என்று கேட்டார்.

“சோத்துப் பானைங்க.”

“வாகனம் சோறு தின்னுமோ?”

“வாகனம் திங்காதுங்க. ஓட்டுறவ திம்பா.”

“அம்மா, இது வாகனத்தின்ர காணி. மனுசர் குடியிருக்கக்கூடாது. வாகனத்துக்குத் தேவையான சாமான் மட்டும் வைக்கலாம். ஜாக்கி, ஸ்பெயார் வீல், அப்பிடியானது.”

“ஓட்டுறவ இல்லாம வண்டி போகுமாங்க?”

பரமலிங்கம் நேர்மையான மனிதராதலால், போகாது என்பதை அவரால் மறுக்க இயலவில்லை. “பிள்ளை, பின்னிணைப்பைப் பாருங்கோ,” என்றார். யசோதினி பார்த்தார். “‘வாகனத்தின் இயக்கத்துக்கு இன்றியமையாத சகல பொருள்களும்’ எண்டு இருக்கு, சேர். சாரதி பொருள் இல்லை எண்டு ஒரு இடத்திலயும் இல்லை.”

அரை மணிநேர ஆலோசனைக்குப் பின் பதிவேட்டில் எழுதப்பட்டது: உதிரிப்பாகம் ஆறு, சாரதி. எண்ணிக்கை ஒன்று. நிறை ஐம்பத்தொரு கிலோ. தயாரிப்பு ஆண்டு 1983. நிலைமை, பாவித்தது. அடுத்த வரி: உதிரிப்பாகம் ஏழு, மேலதிகச் சாரதி. நிலைமை, புதியது.

“அம்மா, எனக்கு லைசன் இல்லையே,” என்று சுதர்ஷினி முணுமுணுத்தாள்.

“ஸ்பெயார் வீலுக்கு லைசன் இருக்கா? பேசாம நில்லு.”

இச்செய்தி லயத்துக்குள் பரவ நெடுநேரம் பிடிக்கவில்லை. மறுவாரமே கொட்டகலையிலும் பொகவந்தலாவையிலும் உள்ள கராஜ்களின் பின்புறங்களில், செடி முளைத்துக் கிடந்த ஆட்டோக்கள் அனைத்துக்கும் மதிப்பு வந்தது. ஒன்றை எட்டுப் பேர் தோளில் சுமந்து, சாமியைத் தூக்கி வருவது போன்ற பக்தியோடு மலையேற்றினர். மூக்கன் கொண்டுவந்த ஆட்டோவில் முன்சில்லே இல்லை. உறுதியில் உருட்டுவதற்கு அயலவரிடம் டயர் இரவல் வாங்கினார்.

“இந்த வாகனம் ஓடுமோ?” என்று பரமலிங்கம் ஐயத்தோடு கேட்டார். “எஞ்சினைக் காணேல்லை.”

“எஞ்சினக் கழட்டித் தரச் சொல்லித்தானே சுற்றறிக்கையில இருக்கு, ஐயா? நாங்க பத்து வருசம் முந்தியே கழட்டிட்டோம்.”

அரசின் எண்ணத்தை முன்கூட்டியே உணர்ந்த குடிமகன் என்று மூக்கனின் கோவையில் குறிப்பு எழுதப்பட்டது.

இரண்டு மாதங்களில் மின்வாகன வீதியில் இருபத்துமூன்று உறுதிகள், இருபத்துமூன்று கூரைகள். லயத்தில் எஞ்சியது ஒரு குடும்பம். அது பூரணியுடையது. கணவனை இழந்தவள், இடுப்பு நோவினால் வேலையை விட்டவள். அவள் ஆட்டோ தேடிப் புறப்பட்ட வேளையில் மாவட்டத்தில் ஆட்டோவின் எலும்புக்கூடுகூட எஞ்சியிருக்கவில்லை.

பற்றரிகள் வரவில்லை. அவை துறைமுகத்தில் இருந்தன. பற்றரி என்பது வாகனப் பாகமா, வீட்டுச் சாதனமா என்று தீர்மானிக்க ஒரு குழு அமைக்கப்பட்டிருந்தது; குழுவின் தலைவரைத் தீர்மானிக்க இன்னொரு குழு. அதுவரை நாகலெட்சுமி மீண்டும் கூடையைத் தலையில் மாட்டிக் கொழுந்தெடுக்கப் போனார். ஓடிய ஆட்டோ சோறு போட்டது, கூரை தரவில்லை. ஓடாத ஆட்டோ கூரை தந்தது, சோறு போடவில்லை. நோயாளிகள் கொழுந்து லொறியில் சாக்குகளின்மேல் படுத்து ஆஸ்பத்திரிக்குப் போயினர்.

பரமலிங்கம் மேலிடத்துக்கு அறிக்கை அனுப்பினார். மேற்பிரிவில் மாதாந்தப் பெற்றோல் பாவனை: பூச்சியம். புகை: பூச்சியம். வாகன விபத்து: பூச்சியம். மின்சாரச் செலவு: எதிர்பார்த்ததிலும் மிகக் குறைவு. அறிக்கையில் ஒரு சொல்லும் பொய்யில்லை. மேலிடம் மகிழ்ந்து, மேற்பிரிவை முழுமையான மின்வாகனக் கிராமம் என அறிவித்தது. விருது வழங்கும் விழாவுக்குப் பிரமுகர்கள் பதினொரு டீசல் வாகனங்களில் வந்தார்கள். மூக்கன் மாலை போட்டார். சீமைக்குச் செல்லும் தேயிலைப் பெட்டியில் 4417இன் படம் அச்சாகியது. அசையாது நின்றமையால் படம் மிகத் தெளிவாக விழுந்தது.

சுதர்ஷினியின் கடிதமும் வந்தது. அதுவரை கந்தோருக்கு மேலே ஓரடியும் ஏறியிராத தபால்காரர், இலக்கமிட்ட முகவரியைக் கண்டு, மூச்சு வாங்க மலையேறி வந்து, நேர்முகத் தேர்வுக்கு ஆறு நாள்களுக்கு முன் அதை அவள் கையில் கொடுத்தார். தேர்வு நாளன்று, இருபத்துமூன்று வாகனங்களைக் கடந்து, வட்டகொடை ஸ்டேஷன்வரை நாலரை மைல் நடந்து போய் ரயிலேறினாள். தெரிவும் ஆனாள். நாகலெட்சுமி கேட்டது கிடைத்துவிட்டது.

கிடைத்ததைக் காக்க வேண்டுமல்லவா? மின்வாகன வீதி உரிமையாளர் நலன்புரிச் சங்கம் தோன்றியது. நாகலெட்சுமி தலைவர், மூக்கன் செயலாளர். வீதி முகப்பில் இரும்புக் கேற்றும், அதற்கொரு பூட்டும், ‘வாகனமற்றோர் அனுமதி பெற்றே உட்பிரவேசித்தல் வேண்டும்’ என்னும் அறிவித்தலும் வந்தன. தமிழ்ப் பக்கம் இம்முறை வெளியே தெரியுமாறு ஒட்டப்பட்டது. இது ஒரு முன்னேற்றம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூரணி கேற்றடிக்கு வந்தாள்.

“அக்கா, நம்ம கிஷாந்துக்கு வாத்தியார் பயிற்சிக்குக் கடிதம் வரப்போகுது. நான்தான் பெரட்டுக்குப் போறதில்லையே. ஒங்க நம்பரப் போட்டுக்கிறேன். ஒரே ஒரு கடிதந்தான்.”

மூக்கன் சங்கத்தின் பதிவுக் கொப்பியை விரித்தார். “வண்டி நம்பர்?”

“வண்டி ஏதுண்ணே? ஒங்களுக்குத் தெரியாதா? நேத்துவரைக்கும் ஒரே லயத்துலதானே குடியிருந்தோம்!”

“அது அப்ப. இப்ப கொப்பியில நம்பர் கேக்குது.”

நாகலெட்சுமி மெய்யாகவே வருந்தினார். வருத்தத்தோடு விதிகளைப் படித்துப் பார்த்தார். “எனக்கு மனசு இருக்கு பூரணி. விதியிலதான் எடமில்ல. ஒரு விண்ணப்பம் எழுதிக் குடு. மூணு பிரதி. கூட்டத்துல வச்சுப் பேசுவோம்.”

“கூட்டம் எப்பக்கா?”

“பற்றரி வந்த பொறகு.”

பூரணி கேற்றுக் கம்பியைப் பிடித்தபடி உள்ளே பார்த்தாள். இருபத்துமூன்று கூரைகளிலும் அடுப்புப்புகை எழுந்துகொண்டிருந்தது. கொடிகளில் துணி காய்ந்தது.

“ஏக்கா, இந்த ரோட்டுல மனுசங்கன்னு யாராச்சும் குடியிருக்காங்களா?”

நாகலெட்சுமி ஆவணங்களுக்கு அமைவாக, பொய்யின் கலப்பு சிறிதுமின்றி விடை கூறினார்.

“இல்ல பூரணி. எல்லாம் வண்டிதான்.”