மேசை மேல் விரித்த சாரம்

கவலைப்படுவதற்கு ஒரு பரீட்சை வைத்திருந்தால், ஒன்பதாம் வகுப்பில் பள்ளிக்கூடத்தை விட்ட நான் மாநிலத்திலேயே முதலாவதாக வந்திருப்பேன். பஸ் ஏறினால் பிரேக் பிடிக்குமா என்று கவலை. பிடித்துவிட்டால், எதற்கு இப்படிப் பிடித்தான் என்று கவலை.

படிப்பை விட்ட பிள்ளைகளுக்கு சோலார் வயரிங் சொல்லிக்கொடுத்து, வேலையும் வாங்கித்தரும் பயிற்சி மையம் ஒன்று அப்போது கோவில்பட்டியில் இருந்தது. ஜெயா மேடம் மணியாச்சியிலிருந்து தினமும் ரயிலில் வந்து எங்களை மேய்த்தார். (மேய்த்தார் என்பது அவர் வார்த்தைதான்.) பயிற்சி முடிகிற சமயம், பசுவந்தனைப் பக்கம் சோலார் பிளான்ட் போட்டிருந்த கம்பெனி ஆள் எடுக்க வருகிறது என்றார். நிரந்தர வேலை. அதோடு, பத்தாம் வகுப்பைப் பிரைவேட்டாக எழுதவும் கம்பெனியே ஏற்பாடு செய்யும். மானாவாரிப் பருத்தியை நம்பிக் கிடந்த எங்கள் வீட்டில், அன்றைக்கே அம்மா தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். எனக்கு அப்போதே கவலை தொடங்கிவிட்டது.

இன்டர்வியூவுக்கு மச்சானின் பேண்ட். அதில் என்னைப் போல் இரண்டு பேர் நுழையலாம். எங்கள் ஊர் குளத்தூரிலிருந்து பஸ்ஸில் உட்கார்ந்து வந்தால் கசங்கிவிடுமே என்று பேண்ட்டைப் பைக்குள் வைத்து, சாரம் கட்டிக்கொண்டு வந்தேன். (எங்கள் பக்கம் லுங்கிக்குச் சாரம் என்றுதான் பெயர்.) மையத்தில் மாற்றிக்கொண்டேன். சாரம் பைக்குள் போயிற்று. அதற்கப்புறம் ஒரே கவலை: யாராவது பார்த்திருப்பார்களோ?

முதலில் வயரிங் செய்து காட்டச் சொன்னார்கள். தப்பில்லாமல் செய்துவிட்டேன். பிறகு அறைக்குள் கூப்பிட்டார்கள். சென்னையிலிருந்து வந்த அதிகாரி. "எங்க பிள்ளையளுக்கு இங்கிலீஷ் வராது சார், நல்ல தமிழ்ல கேளுங்க" என்று மேடம் எங்களுக்காகக் கெஞ்சி வைத்திருந்தார். அந்தப் புண்ணியவான் நல்ல தமிழிலேயே கேட்டார்.

"பதற்றப்படாதீங்க தம்பி. இத்தனை நாள் பயிற்சியோட சாரத்தை மட்டும் சொல்லுங்க, போதும்."

சுருக்கமாகச் சொல் என்கிறார். என் காதில் விழுந்ததோ ஒரே ஒரு வார்த்தை. எவனோ போட்டுக் கொடுத்துவிட்டான்!

"பைக்குள்ள இருக்கு சார்."

"அட, எழுதியே வச்சிருக்கீங்களா? வெரிகுட். எடுங்க, பார்ப்போம்."

எடுத்தேன். மேசை மேல் வைத்தேன். பச்சைக் கட்டம் போட்டது. மடிப்புக் குலைந்து, பாதி அவர் டீ டம்ளர் மேல் விழுந்தது.

"பஸ்ஸுக்கு மட்டுந்தான் சார் கெட்டுனேன். வேலைக்குப் பேண்ட்டுலதான் வருவேன், சத்தியமா."

அவர் சாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு சிரித்தார் பாருங்கள், கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்கு. நான் எழுந்தேன். சாரத்தை அங்கேயே விட்டுவிட்டு பஸ் ஸ்டாண்ட் வரை ஓடினேன், நழுவுகிற பேண்ட்டை ஒரு கையால் பிடித்தபடி. போனையும் அணைத்துவிட்டேன்.

மறுநாள் மேடமே வீட்டுக்கு வந்துவிட்டார்.

"ஏலே மாரிச்சாமி, கோட்டிக்காரப் பயலே! வயரிங்ல நீதாம்லே சுத்தம்னு சொன்னாவ. சாயங்காலம் வரைக்கும் உனக்காகக் காத்துக் கெடந்தாவ. பேரைக் கூப்பிட்டா ஆளைக் காணோம். போன் போட்டா அதுவும் செத்துக் கெடக்கு."

"சிரிச்சாவளே மேடம்..."

"சிரிச்சா என்னலே? வேலை இல்லன்னா சொன்னாவ?"

அந்த இடத்துக்கு வேறு ஒருத்தன் போய்விட்டான். பத்தாம் வகுப்பும் அவனோடு போயிற்று. அம்மா அதைத் தெருவில் யாரிடமும் சொல்லவில்லை.

இப்போது எலக்ட்ரிக் கடை ஒன்றில் வேலை. ஒவ்வொரு வருஷமும் பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குப் பணம் கட்டலாம் என்று நினைப்பேன். பெயிலாகிவிட்டால்? அப்படியே விட்டுவிடுவேன்.

மகளுக்கு வீட்டுப்பாடத்தில் 'பாடலின் சாரத்தை எழுதுக' என்று வந்தால் போதும், என் மனைவி தொடங்கிவிடுவாள்.

"ஏட்டி, அப்பாட்ட கேளு. அவிய மேசையிலயே விரிச்சுக் காட்டுவாவ!"

வீடே சிரிக்கும். நானும் சிரித்து வைப்பேன்.

போன வாரம் மகள் மட்டும் சிரிக்கவில்லை.

"அந்த சார் சிரிச்சப்பவே நீங்களும் கூடச் சேந்து சிரிச்சிருக்கலாம்லப்பா?"

கேஸ் சிலிண்டர் மூடியிருக்கிறதா என்று பார்க்க நான் எழுந்து போனேன்.