பச்சைச்சாமியின் கறுப்புத் துணி

கடைசியாக அவள் செய்த வேலை, மீன் தொட்டிக்குள் கையை விட்டு ஓர் இலையைத் துடைத்தது. இரண்டு விரலுக்கு நடுவே இலையைப் பிடித்து, அடியிலிருந்து நுனிக்கு மெதுவாக வழித்தாள். பாசி வந்தது, இலை வரவில்லை. பின்பக்கக் கண்ணாடிப் பாசியை மட்டும் வழக்கம்போலவே தொடவில்லை. "நத்தைக்கும் வயிறு இருக்குல்ல," என்றாள். தொட்டி விளக்கை அணைக்கச் சொல்லிவிட்டுக் கடைக்குப் போனாள். தெருமுனையில் ஒரு லாரிக்கு பிரேக் பிடிக்கவில்லை.

அவள் கணவர், நூலகர், அதற்குள் விளக்கை அணைத்திருந்தார்.

துக்கம் விசாரிக்க வந்தவர்களோடு பச்சைச்சாமியும் வந்தார். மீன் தொட்டிப் பாசியைப் பார்த்து இறந்தவர் மனசைப் படிப்பவர் என்று அந்த வட்டாரமே அவர் பின்னால் திரிந்துகொண்டிருந்தது. மாடி வீட்டுப் பொறியாளர், செத்துப்போன தன் அப்பாவின் கையெழுத்தையே தொட்டியில் பார்த்தாராம். மாமனாருக்கு எழுதத் தெரியாதே என்று அவர் மனைவி இழுத்தபோது, "அங்க போய்க் கத்துக்கிட்டிருப்பார்," என்று சாமி தெளிவுபடுத்தினார்.

தொட்டி விளக்கு ராப்பகலாக எரிய வேண்டும், இல்லையென்றால் ஆன்மாவுக்கு வழி தெரியாது என்பது சாமியின் உத்தரவு. நூலகர் ஆயிரக்கணக்கான புத்தகங்களுக்கு நடுவே வேலை பார்ப்பவர். ஆனால் படித்ததெல்லாம் அப்போது லீவில் இருந்தது. எரியவிட்டார்.

சில வாரங்களில் தண்ணீர் பச்சைப் பெயிண்ட் கரைத்த மாதிரி ஆனது. இலைகள் பாசிச் சட்டை போட்டுக்கொண்டன. சாமி வந்து பார்த்து உச்சுக் கொட்டினார். வீட்டம்மா செடிக்குள் சிக்கிக்கொண்டார்களாம். தீர்த்தம் விட்டு, விளக்கை அணைத்து, கறுப்புத் துணியால் தொட்டியை மூடிச் சில நாள் விட வேண்டும். பாசி விலகினால் ஆன்மாவுக்கு விடுதலை. அதன்பின் தொட்டி வீட்டில் இருந்தால் ஆன்மா திரும்பி வந்து மாட்டிக்கொள்ளும்; ஆகவே சாமியே சிரமம் பாராமல் எடுத்துப்போவார். அவருடைய மைத்துனர் பழைய மீன் தொட்டி விற்கும் கடை வைத்திருந்தது தற்செயல்.

அவள் நட்ட செடி, அவள் விரல் பட்ட இலை எல்லாம் போய்விடும். அவள் உள்ளே தவிப்பதைவிட அது மேல் என்று நூலகர் தலையாட்டினார்.

அவளுடைய தங்கைதான் சமையலறையிலிருந்து இரண்டு பாட்டில் கொண்டுவந்தாள். இரண்டிலும் அதே தொட்டித் தண்ணீர், பாசி பிடித்த ஒரு கிளை. ஒன்றில் தீர்த்தம் விடச் சொன்னாள். சாமி தாராளமாக விட்டார். அதை எரியும் மேசை விளக்கின் அடியில் வைத்தாள். தீர்த்தம் படாததைச் செருப்பு அலமாரிக்குள் வைத்துக் கதவைச் சாத்தினாள்.

"எதுக்கும்மா இது?" என்றார் சாமி.

"அக்காவுக்குத் துணையா இருக்கட்டும்."

துணி விலக்கும் நாளில் கூடம் கொள்ளாத கூட்டம். வாசலில் வண்டி தயார். சாமி துணியை இழுத்தார். தண்ணீர் தெளிந்திருந்தது. கூட்டம் கைகூப்பியது.

தங்கை இரண்டு பாட்டிலையும் எல்லார் கண்ணெதிரே வைத்தாள். தீர்த்தம் விட்டது முன்னைவிடப் பச்சை. செருப்பு அலமாரியிலிருந்து வந்தது தெளிவு.

"செருப்புக்கு அவ்வளவு சக்தியா சாமி?" என்றாள். "பாசிக்கு வெளிச்சம்தான் சோறு. எரிய விடச் சொன்னதும் நீங்க, அணைக்கச் சொன்னதும் நீங்க. நடுவுல எங்க அக்கா எங்க வந்தா?"

ஆன்மா கோபப்படும் என்றார் சாமி.

"கோபப்படுவா. ராப்பகலா விளக்கை எரிய விட்டீங்களேன்னு."

நூலகர் எழுந்து போய் வாசல் வண்டிக்காரரைக் கிளம்பச் சொன்னார். அதிலேயே சாமியும் ஏறிக்கொண்டார். பொறியாளர் மட்டும், அப்பா அடுத்து என்ன எழுதுவார் என்று கேட்டபடி கொஞ்ச தூரம் பின்னால் ஓடினார்.

இறந்தவர்கள் எழுதுவதைப் பாசியில் படிக்க ஒரு தெருவே திரண்டது. பாசி ஏன் வருகிறது என்று யோசிக்க ஒருத்திதான் இருந்தாள். இன்னொரு சாமி உங்கள் வீட்டுக்கும் வருவார். மூளையைக் கழற்றி வாசலில் விட்டால், அதையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போவார்.

கூட்டம் கலைந்ததும் நூலகர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு தொட்டிக்குள் கை விட்டார். இலைகளில் ஒட்டியிருந்த மிச்சத்தை அடியிலிருந்து நுனிக்கு வழித்தார். முதல் இலை கிழிந்தது. அடுத்தது கிழியவில்லை. செத்த பாசியோடு பாதித் தண்ணீரை வெளியேற்றிப் புதுத் தண்ணீர் விட்டார்.

பின்பக்கக் கண்ணாடியில் ஒரு திட்டுப் பாசி அப்படியே இருந்தது. நத்தை அதன்மேல்தான் இருந்தது.