நானோநாதரும் அரை எலுமிச்சம்பழமும்

நானோநாதர் வந்திறங்கிய நாள் முதல் ஊரே வரிசையில் நின்று சொறிந்தது. இடுப்பில் படர்தாமரை வந்தவர், அக்குளில் வந்தவர், எங்கே வந்தது என்று சொல்லக் கூசியவர், எல்லாருக்கும் ஒரே மருந்து: வெள்ளி நீர். மூலிகைச் சாறு வெள்ளியைக் கண்ணுக்குத் தெரியாத நுண்துகளாக்கிவிடுமாம்.

மேடையில் ஒரு கண்ணாடிக் குடுவை நிறைய வெந்நீர். நாதர் மூலிகையும் வெள்ளியும் கட்டியதாகச் சொல்லும் ஒரு துணி மூட்டையை அதில் முக்கி, கண்மூடி முணுமுணுப்பார். தண்ணீர் பழுப்பாகும்.

"வெள்ளி விழித்துவிட்டது!"

கூட்டம் கும்பிடும். பிறகு ஒரே துணியை நனைத்து எல்லார் மேலும் ஒற்றியெடுப்பார் சீடர். அருளைப் பங்கு போடுவதில் அப்படியொரு சமத்துவம்.

டீக்கடைக்காரியின் கணவர் முடிதிருத்துபவர். மணிக்கட்டில் ஒரு வட்டத்தோடு போனவருக்கு மூன்றே வாரத்தில் ஐந்து வட்டம். அவர் கையைப் பார்த்ததும் வாடிக்கையாளர்களுக்கு அவசர வேலை நினைவுக்கு வந்தது. நாற்காலி எட்டு நாளாகக் காலி.

"என்னங்க, கூடிட்டே போகுதே."

"உள்ள இருக்கிறது வெளிய வருதுன்னு சாமி சொன்னாரு."

"உங்க உள்ளேயிருந்தா? அடுத்தவங்க தொடையிலிருந்து வருது. எல்லாருக்கும் ஒரே துணி."

"டீ போடறவளுக்கு நானோ தெரியுமா?"

"நானோ தெரியாது. அந்தக் கலர் தெரியும்."

அடுத்த கூட்டத்தில், தண்ணீர் பழுப்பானதும், சீடரின் துணி நனையும் முன்பே மேடையேறி ஒரு டம்ளர் மொண்டாள்.

"சாமி, வெள்ளி புளிப்புக்குப் பயப்படுமா?"

"வெள்ளி எதற்கும் அஞ்சாது, தாயே."

அரை எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தாள். அஞ்சாத வெள்ளி வெளிறி மஞ்சளானது. சர்க்கரை போட்டுக் கலக்கி, கணவரிடம் நீட்டினாள். ஒரு வாய் குடித்தவர் முகம் தொங்கிப் போனது.

"டீதான். அதுவும் தூள் கம்மி."

நாதர் பின்வாசலைத் தேடினார்.

உண்மையான நுண்வெள்ளியை ஆய்வுக்கூடங்களில் இன்னும் சோதித்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் மேடை போடுவதில்லை. முடிதிருத்துபவரை டாக்டரிடம் இழுத்துப் போனாள் மனைவி. களிம்பு, தனித் துண்டு, ஆறு வாரம். வட்டங்கள் மறைந்தன, நாற்காலி நிறைந்தது.

முதலில் உட்கார்ந்தவர் குரலைத் தாழ்த்தினார்.

"உங்க வீட்டம்மா அன்னிக்குக் கலக்கின மஞ்சள் தண்ணி, ஒரு பாட்டில் கிடைக்குமா? தடவிக்கத்தான்."

கத்தரி நின்றது.

"அண்ணே, தலைக்கு வெளிய உள்ளதை நான் பாத்துக்கறேன். உள்ள இருக்கிறதை நீங்க எப்பவாவது எடுத்துப் பயன்படுத்துங்க."