பார்வை: கடிதம் ஒன்று

சனிக்கிழமை பிற்பகல் மூன்றரை மணிக்குக் கூடத்தில் இருந்தவர்கள் நான்கு பேர். கம்ப்யூட்டருக்கு எதிரே, கை வைத்த நாற்காலியில் ஸ்டோர்கீப்பர்; முப்பத்தோரு வருடம் ஒரு தொழிற்சாலையின் ஸ்டோரைக் கட்டிக் காத்து ஓய்வு பெற்றவர். அவருக்கு இடப்பக்கம், சாப்பாட்டு மேஜையில் துவைத்த துணிகளை மடித்தபடி அவர் மனைவி. சோபாவின் மூலையில் மடியில் லேப்டாப்போடு மகள். கம்ப்யூட்டர் வேலைதான் பார்க்கிறாள், ஆனால் இந்த வீட்டில் அதற்கு மரியாதை இல்லை. ஜன்னலோரம், யாருக்கும் பகையாகாத தூரத்தில் ஸ்டூல் போட்டுக்கொண்டு மாப்பிள்ளை.

மாப்பிள்ளை அவ்வளவு தள்ளி உட்கார்ந்ததற்குக் காரணம் உண்டு. நான்கு மணிக்கு ஸ்டோர்கீப்பர் இன்டர்நெட்டில் லாரிப் பந்தயம் ஓட்டப்போவது மாப்பிள்ளையின் அப்பாவோடு. சம்பந்திகள் இருவரும் அவரவர் வீட்டிலிருந்து மூன்று மாதமாக மோதுகிறார்கள். மூன்று மாதமும் ஜெயித்தவர் சம்பந்திதான். இன்று கடைசிப் பந்தயம். தோற்றவர் ஜெயித்தவரை இனி வாழ்நாள் முழுக்க, நாலு பேர் முன்னால், "குருவே" என்று கூப்பிட வேண்டும்.

தோல்விக்குக் காரணம் தம் கையல்ல, ஆன்டிவைரஸ்தான் என்பது ஸ்டோர்கீப்பரின் திடமான முடிவு. லாரி மேடேறும். ஐந்தாவது நிமிடம் அப்படியே உறைந்து நிற்கும். திரையின் மூலையில் "சோதனை நடைபெறுகிறது" என்று ஒரு கட்டம் எட்டிப் பார்க்கும். சம்பந்தியின் லாரி ஹாரன் அடித்துக்கொண்டே தாண்டிப் போகும்.

"விளையாடும்போது இந்தச் சனியனை அணைக்கலாமா, கூடாதா? எனக்கு ஒரு பதில் தெரிஞ்சாகணும்!" என்று மூன்று மாதத்துக்கு முன்பே மேஜையைக் குத்தினார்.

"கூடாதுப்பா. இந்த விளையாட்டை மட்டும் தொந்தரவு பண்ணாதேன்னு அதுலயே சொல்லி வைக்கலாம். ரெண்டு நிமிஷ வேலை, நான் பண்ணித் தரேன்" என்றாள் மகள்.

"எழுத்துல இருக்கா?"

"நான்தான் சொல்றேனேப்பா!"

"நீ சொல்லுவ. வாயால சொன்னதை நம்பி நான் ஸ்டோர்லேருந்து ஒரு ஆணியைக்கூட வெளியே விட்டதில்ல."

அன்றே ஆன்டிவைரஸ் வந்த பழைய அட்டைப் பெட்டியைத் தேடியெடுத்து, அதிலிருந்த முகவரிக்கு இரண்டு பக்கக் கடிதம் எழுதினார். ஆன்டிவைரஸின் பெயர், விளையாட்டின் பெயர், லாரி உறைந்த நேரங்கள், எல்லாம் கட்டம் போட்டு. எட்டாம் நாள் அது திரும்பி வந்தது. உறையின் மேல், "இப்படி ஒரு கம்பெனி இங்கே இல்லை."

"சோம்பேறி! மாடி ஏற முழங்கால் வலிக்குது, கம்பெனியே இல்லேன்னு எழுதிட்டான் போஸ்ட்மேன்!"

கடிதம் ஒன்றை டிராயரில் போட்டுப் பூட்டினார். கம்பெனி பெயர் இருந்தால்தானே இல்லையென்று எழுதுவான் என்று, உறையில் அதே முகவரியை மட்டும் எழுதிக் கடிதம் இரண்டைக் கூரியரில் அனுப்பினார். ஸ்டோர் வழக்கப்படி, ஒருமுறை எழுதிய விவரத்தை மறுபடி எழுதுவது ஒழுங்கீனம். ஆகவே மேலே "பார்வை: கடிதம் ஒன்று" என்று போட்டார். கீழே புகார் மட்டும்: "தங்கள் தயாரிப்பு, நான் உட்கார்ந்த ஐந்தாவது நிமிடம் என்னை நகரவிடாமல் பிடிக்கிறது. என்ன செய்யச் சொல்கிறீர்கள்?"

"கடிதம் ஒண்ணு நம்ம டிராயர்லதானேங்க இருக்கு? அவங்க எதைப் பார்ப்பாங்க?" என்றாள் மனைவி.

"நம்பர் போட்டாச்சு. போட்டா போட்டதுதான்!"

ஒரே வாரத்தில் பதில் வந்தது. கையால் எழுதிய இரண்டு வரி. மடிப்பில் நீலச் சாக்பீஸ் தூள். "ஐயா, பிடித்தால் தளர்த்திவிடுங்கள். பயப்பட ஒன்றுமில்லை."

"லெட்டர்ஹெட்கூட இல்லையேப்பா" என்றாள் மகள்.

"கையால எழுதியிருக்கான்! மனுஷனை மதிக்கிறவன் எழுதுவான். தளர்த்துன்னா என்ன அர்த்தம்? அணைன்னு அர்த்தம்!"

அணைத்தார். லாரி பறந்தது. அந்த உற்சாகத்தில் லாரியின் வேகத்தை இரட்டிப்பாக்கும் என்று எங்கோ இலவசமாகக் கிடைத்த ஒன்றையும் இறக்கினார். மறுநாள் காலை அவருடைய பெயரில் நூற்று நாற்பது பேருக்கு மெயில் போயிருந்தது. "தனிமையில் வாடுகிறேன். உங்களோடு மனம்விட்டுப் பேச ஏங்குகிறேன்." அகர வரிசையில் முதல் ஆள் சம்பந்தியம்மா.

"அம்மா போன் பண்ணாங்க மாமா" என்று மாப்பிள்ளை தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "அண்ணாவுக்கு உடம்பு ஏதாவது சரியில்லையான்னு கேட்டாங்க."

கடிதம் மூன்று, பேனா முனை தாளைக் கிழிக்கும் வேகத்தில் எழுதப்பட்டது. "பார்வை: முந்தைய கடிதங்கள். தாங்கள் சொன்னபடியே தளர்த்தினேன். விளைவு, சம்பந்தி வீட்டார் முன்னால் என் மானம் போயிற்று. ஒரு பெண்மணி முகத்தில் இனி எப்படி விழிப்பேன்?"

பதில் நான்கே நாளில். "மிகவும் வருந்துகிறோம் ஐயா. அவ்வளவு தளர்த்தியிருக்கக் கூடாது. உடனே நன்றாக இறுக்குங்கள்."

"பாத்தியா? வருந்துறான்! இந்த வீட்டுல ஒருத்தராவது வருந்தினீங்களா?"

ஆன்டிவைரஸை மறுபடி போட்டு, இருப்பதிலேயே கடுமையான நிலைக்கு ஏற்றினார். அது விளையாட்டைத் திறக்க மறுத்தது. பிரிண்டரைத் திருடன் என்றது. கடைசியில் ஸ்டோர்கீப்பர் போட்ட பாஸ்வேர்டையே சந்தேகப்பட்டது.

கடிதம் நான்கு: "இறுக்கினேன். மூச்சுவிட வழியில்லை. நான் வாங்கியது எனக்காகவா, என்னைத் தண்டிக்கவா? சனிக்கிழமை நான்கு மணிக்குச் சம்பந்தியைச் சந்திக்க வேண்டும். அதற்குள் வழி சொல்லாவிட்டால் நடப்பதே வேறு!"

அதற்கான பதில்தான் இன்று பிற்பகல் மூன்றரைக்கு அவர் கையில் இருந்தது. உரக்கப் படித்தார்.

"ஐயா, கோபம் உடம்புக்கு ஆகாது. முதலில் இருந்த அளவுக்கே வைத்து, உள்ளே இன்னொன்று கொடுத்துவிடுங்கள். நீண்ட நாள் உழைக்கும்."

"இன்னொண்ணா?" மகள் லேப்டாப்பை மூடிவிட்டு எழுந்தாள். "அப்பா, ஒரே கம்ப்யூட்டர்ல ரெண்டு ஆன்டிவைரஸ் இருந்தா ஒண்ணையொண்ணு கடிச்சுக்கும்! என்கிட்ட குடுங்க, ரெண்டே நிமிஷம்..."

"தள்ளிப் போ! இவ்வளவு தூரம் வந்து உன் வாய்ப்பேச்சைக் கேட்டுத் தோக்கச் சொல்றியா?"

"மாப்பிள்ளை, நீங்களாவது சொல்லுங்களேன்" என்றாள் மனைவி.

"நான் எது சொன்னாலும் அப்பா பக்கம்னு ஆயிடும் அத்தை."

மூன்று ஐம்பதுக்கு இரண்டாவது ஆன்டிவைரஸ் உள்ளே இறங்கியது. மூன்று ஐம்பத்தைந்துக்குப் புதியது பழையதைக் கண்டுபிடித்து, "ஆபத்து! அந்நியன் நுழைந்துவிட்டான்!" என்று சிவப்பாக அலறியது. பழையது அதைவிடப் பெரிய எழுத்தில் அதையே புதியதைப் பார்த்து அலறியது. ஸ்டோர்கீப்பர் இரண்டையும் பார்த்து அலறினார். மூன்று ஐம்பத்தெட்டுக்குத் திரை கறுத்தது.

"என் வீட்டுல, என் நாற்காலிக்கு முன்னால, என்னைக் கேக்காம சண்டையா!" என்று மவுஸைப் பிடுங்கி வீசினார். அது மடித்து வைத்த வேட்டிகளின் மேல் போய் விழுந்தது. மனைவி அதை எடுத்து, துடைத்து, மேஜையில் வைத்தாள்.

நான்கு மணி அடித்தது. நான்கு ஐந்துக்கு மாப்பிள்ளையின் போன் அடித்தது. அவர் அதைச் சுடுகிற பாத்திரம் போலப் பிடித்துக்கொண்டு வந்து நீட்டினார்.

"என்ன சம்பந்தி, லாரி பஞ்சரா?" போனுக்கு வெளியே கூடம் முழுக்கக் கேட்டது. "அஞ்சு நிமிஷம் காத்திருந்தேன். ஒத்தையாவே ஓட்டி ஜெயிச்சுட்டேன். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிட்டா நான் போய் காப்பி குடிப்பேன்."

ஸ்டோர்கீப்பரின் தாடை இரண்டு முறை அசைந்தது. மகள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். மனைவி ஏற்கெனவே மடித்த சட்டையைப் பிரித்து மறுபடி மடித்தாள்.

"குரு..."

"சரியா கேக்கலையே?"

"குருவே!" போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, நேரே டிராயரைத் திறந்து தாளை எடுத்தார்.

கடிதம் ஐந்துக்கு இருபது நிமிடம் பிடித்தது. "தளர்த்து என்றீர், தளர்த்தினேன். இறுக்கு என்றீர், இறுக்கினேன். இன்னொன்று கொடு என்றீர், கொடுத்தேன். இரண்டும் கிழித்த கிழியில் இன்று ஒரு மனிதன் குனிந்து நிற்கிறான். எழுத்தில் வந்ததென்று நம்பினேனே! தங்கள் தயாரிப்பு இனி என் வாழ்வில் வேண்டாம்."

"முதல் லெட்டரையாவது சேர்த்து அனுப்புங்களேன்" என்றாள் மனைவி.

"அது பார்வையில இருக்கு!"

உறையில் போட்டு, பசை தடவி, கட்டைவிரலால் ஓரம் முழுக்க அழுத்தி ஒட்டினார். வழக்கமாக வரும் கூரியர்காரம்மா ஐந்து மணிக்கு வாசலில் ஸ்கூட்டரை நிறுத்தினார். உறையை வாங்கினார், முகவரியைப் பார்த்தார், ஸ்டோர்கீப்பரின் முகத்தையும் பார்த்தார்.

"அவன் கையில நேரா குடுங்க. படிச்சு நடுங்கணும்!"

கடிதத்தைப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்து மூடி, ஸ்கூட்டரைக் கிளப்பிய பிறகுதான் கூரியர்காரம்மாவுக்கு மனசு கேட்கவில்லை.

"கோவிச்சுக்காதீங்க சார், அந்த டெய்லர் தங்கமான மனுஷன், ஒரு பேண்ட்டுக்காக அவரை இந்தப் பாடு படுத்தலாமா?"