கடைசியாக வந்து கப்பு வாங்கிய தேவாங்கு

ஒரு காட்டில் ஒரு ரேஸ் மைதானம் இருந்தது. காட்டில் எதற்கு மைதானம் என்று என்னைக் கேட்காதீர்கள். குளம் வெட்டத்தான் தோண்டினார்கள். பாதியில் எவனோ வந்து, குளத்தைவிட ரேஸ் டிராக் போட்டால் காட்டுக்குப் பெருமை என்று சொல்லிவிட்டான். பெருமை என்றதும் நம்ம மிருகங்களுக்குத் தலைகால் புரியவில்லை. தண்ணீர் குடிக்க இன்றைக்கும் பக்கத்துக் காட்டுக்குத்தான் போகிறார்கள்.

அந்தக் காட்டில் சாந்தப்பன் என்றொரு தேவாங்கு. ஒரு கிளையிலிருந்து அடுத்த கிளைக்குப் போவதற்குள் அவனுக்கு மறுபடியும் பசித்துவிடும். அப்பேர்ப்பட்டவன் தன் பிள்ளைக்கு வேகநாதன் என்று பெயர் வைத்தான். வைத்ததோடு விட்டானா? "என் பையன் ஒருநாள் பெரிய ஃபார்முலா கார்ல உக்காரத்தான் போறான், பாத்துக்கிட்டே இருங்க" என்று எதிரில் வந்தவர்களிடமெல்லாம் சொன்னான். அவன் அதைச் சொல்லி முடிப்பதற்குள் பாதிப் பேர் நடந்து போயிருப்பார்கள்.

பெரிய ஃபார்முலாவில் நேராகப் போய் உட்கார முடியாது. முதலில் கோ-கார்ட், அதாவது தரையோடு தரையாக ஓடும் குட்டி வண்டி. அதில் ஜெயித்தால் குட்டி ஃபார்முலா; அது ஒருத்தர் மட்டும் உட்காரும் கார். அதிலும் ஜெயித்தால் இளைய ஃபார்முலா. அதையும் தாண்டினால்தான் பெரிய ஃபார்முலா. ஒவ்வொரு படியிலும் கூட்டம் பாதியாகக் குறையும், அப்பன்மார்களின் சத்தம் மட்டும் இரண்டு மடங்காகும்.

வேகநாதனின் முதல் கோ-கார்ட் பந்தயம். பச்சை விளக்கு எரிந்ததும் முயல், குரங்கு, காட்டுப்பன்றி, மயில், அணில் என்று எல்லாக் குட்டிகளும் சீறிக்கொண்டு பறந்தன. வேகநாதன் இடப்பக்கம் பார்த்தான். வலப்பக்கம் பார்த்தான். கண்ணாடியைச் சரிசெய்தான். அப்புறம்தான் கிளம்பினான். மற்றவர்கள் எல்லைக்கோட்டைத் தாண்டி, குளித்து, தலை துவட்டிய பிறகு வந்து சேர்ந்தான். சாந்தப்பனுக்கு மானம் போனது. பையனின் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு கிளம்பினான். நடை மெதுவாக இருந்ததால் நடுவர் அறையைத் தாண்டக்கூட இல்லை. அதற்குள் கதவு திறந்தது.

வெளியே வந்தவர் தலைமை நடுவர் உடும்பார். விதிப்புத்தகத்தோடு கூடப் பிறந்தவர் மாதிரி அதை மார்போடு அணைத்திருந்தார்.

"முயலுக்குத் தண்டனை. காது ஹெல்மெட்டுக்கு வெளியே நீட்டிக்கிட்டு இருந்துச்சு. குரங்குக்குத் தண்டனை. வால் வண்டிக்கு வெளியே. காட்டுப்பன்றி இடிச்சான். மயில் தோகையை விரிச்சுப் பின்னாடி வர்றவங்க கண்ணை மறைச்சான். அணில் எடை பத்தல. வெள்ளைக் கோட்டைத் தொட்டவங்க மத்த எல்லாரும். ஆகவே முதல் பரிசு, வேகநாதன்."

வேகநாதன் திருதிருவென்று முழித்தான். தேவாங்கு வேறு எப்படி முழிக்கும்?

"ஐயா, நான் கடைசியால்ல வந்தேன்?" என்றான்.

உடும்பார் புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினார். "கடைசியா வர்றது குத்தம்னு இதுல எங்கயும் போடலையே தம்பி" என்றார்.

அன்றைக்கே சாந்தப்பனுக்குப் புத்தி வந்துவிட்டது. "வேகா, கோட்டைத் தாண்டுறவன் ஜெயிக்கிறதில்லடா. நடுவர் ரூம் கதவு திறக்கிற வரைக்கும் சும்மா உக்காந்திருக்கிறவன்தான் ஜெயிக்கிறான். எவன் பின்னாடியாவது போ. ஆனா முதல்ல மட்டும் போயிடாத."

அது முதல் பந்தயம் முடிந்தால் அப்பனும் மகனும் நடுவர் அறை வாசல் பெஞ்சில் உட்கார்ந்துவிடுவார்கள். டிபன் பாக்ஸைத் திறந்து ஈசல் பொரியைக் கொறிப்பார்கள். ஜெயித்ததாக நினைத்தவர்கள் எதிரே குதித்துக்கொண்டிருப்பார்கள். ஈசல் தீரும்போது கதவு திறக்கும். கப்பு இவர்கள் கைக்கு வரும். 'காட்டு முரசு' பத்திரிகை, "மீண்டும் சாதனை! ஒன்பதாவதாக வந்து முதலிடம்!" என்று கொட்டை எழுத்தில் போடும். பக்கத்துப் படத்தில் வேகநாதன் முழித்துக்கொண்டிருப்பான்.

இப்படியே கோ-கார்ட் முடிந்தது. குட்டி ஃபார்முலாவும் முடிந்தது. இளைய ஃபார்முலாவுக்கு வந்துவிட்டார்கள்.

இதற்கு நடுவில் ஒன்று நடந்துபோனது. சாந்தப்பன் அதைக் கவனிக்கவே இல்லை. தினம் ஓட்டி ஓட்டி, வேகநாதனுக்கு நிஜமாகவே ஓட்ட வந்துவிட்டது! அந்தப் பெரிய கண்ணுக்கு வளைவெல்லாம் முன்கூட்டியே தெரிந்தது. அந்தப் பிடிக்கு ஸ்டியரிங் அசையாமல் நின்றது. முந்த வேண்டுமென்றால் யாரையும் முந்தலாம். ஆனால் காதில் ரேடியோ. அதில் அப்பா. "மெதுவா, மெதுவா, இரண்டாவதாவே இருடா கண்ணு."

வேகநாதன் ஒருநாள் மெல்லக் கேட்டான். "அப்பா, அந்த முதல் பந்தயத்துக்கு அப்புறம் எத்தனை பந்தயம் ஓட்டிட்டேன். இன்னும் ஒரு தடவைகூட எனக்கு முன்னாடி ரோடு காலியா இருந்து நான் பாத்ததில்ல. யாராவது ஒருத்தர் புகை மூஞ்சில அடிச்சுக்கிட்டே இருக்கு. ஒரே ஒரு தடவை முதல்ல கோட்டைத் தாண்டிப் பாக்கட்டுமா?"

"காலி ரோட்டைப் பாக்கணும்னா திங்கட்கிழமை வா, கூட்டிப் போறேன்" என்றான் சாந்தப்பன். "பெரிய ஃபார்முலா சீட்டு ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு. கையில கிடைக்கிற நேரத்துல கெடுத்துக்காதடா."

பிள்ளை ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டான். ஆனால் மனசு கேட்கவில்லை.

அந்த வருஷம் இளைய ஃபார்முலாவில் நிஜமான சூரப்புலி ஒரு புள்ளிமான். பேர் சுடர்விழி. ஒவ்வொரு பந்தயத்திலும் முதலில் வருவாள். ஒவ்வொரு பந்தயத்திலும் சந்தோஷத்தில் காரிலிருந்து துள்ளிக் குதிப்பாள். காரிலிருந்து இறங்கும்போது ஒரு காலாவது தரையில் இருக்க வேண்டும் என்று விதி. இவளுக்கு நாலும் ஆகாயத்தில். உடும்பார் தண்டனை எழுதுவார். பாவம், அவள் அழுதுகொண்டே வேகநாதனிடம் வந்தாள்.

"உண்மையைச் சொல்லு வேகா. உன்னோட ரகசியம் என்ன?"

"ரகசியமெல்லாம் ஒண்ணும் இல்ல. முதல்ல வர்றவங்களைத்தான் உடும்பார் நோண்டி நோண்டிப் பாப்பாரு. நான் முதல்ல வர்றதில்ல, அவ்ளோதான்."

வெள்ளந்தி! சொல்லலாமா அதை? சுடர்விழி முயலிடம் சொன்னாள், முயல் குரங்கிடம் சொன்னது, குரங்கிடம் சொன்னபின் காட்டில் யாரிடமும் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

கடைசிப் பந்தயம் வந்தது. பெரிய ஃபார்முலா அணியின் முதலாளி கரடியார் மாலையும் கழுத்துமாக வந்து மேடையில் உட்கார்ந்தார். "இன்னைக்கு ஜெயிக்கிறவங்களுக்கு என் கார்ல சீட்டு" என்று மைக்கில் அறிவித்தார். கைதட்டல் காட்டைப் பிளந்தது.

பச்சை விளக்கு எரிந்தது.

ஒரு வண்டிகூட நகரவில்லை.

"என்னப்பா, விளக்கு எரியலையா?" என்று கூட்டத்தில் ஒரு எருமை கேட்டது. விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. சுடர்விழி முயலைப் பார்த்தாள். முயல் குரங்கைப் பார்த்தது. குரங்கு, ஏதோ முக்கியமாக யோசிக்கிற மாதிரி மூக்கைச் சொறிந்தது. உடும்பார் வந்து, கிளம்பாவிட்டால் எல்லாருக்கும் தண்டனை என்று கத்தினார். சரியென்று எல்லாரும் ஒன்றாகக் கிளம்பினார்கள், கல்யாண ஊர்வலம் போகிற வேகத்தில். டிராக் ஓரமாகத் தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்த நத்தை ஒன்று அத்தனை கார்களையும் முந்திப் போனது. அனுமதியில்லாமல் முந்தியதற்காக உடும்பார் அதற்கும் ஒரு நோட்டீஸ் கொடுத்தார்.

கடைசிச் சுற்று. எல்லைக்கோடு கண்ணுக்கெதிரே. கட்டம் போட்ட கொடியைப் பிடித்தபடி கொக்கு தயாராக நின்றது. கோட்டுக்கு ஒரு முழம் முன்னால் வந்து, அத்தனை கார்களும் பிரேக் போட்டு நின்றன.

"பொம்பளப் புள்ள, நீ முதல்ல போம்மா" என்றது முயல், சுடர்விழியிடம்.

"ஐயோ, மரியாதைன்னு ஒண்ணு இருக்குல்ல? வயசுல பெரியவரு, காட்டுப்பன்றி அண்ணன்தான் போகணும்."

"எனக்கு வண்டில ஏதோ சத்தம் வருதும்மா" என்று காட்டுப்பன்றி இறங்கி டயரை உதைத்துப் பார்த்தது. "குரங்குத் தம்பி, நீங்க போங்களேன். நாங்க பின்னாடியே வந்துடறோம்."

"நான் சாப்பிட்டுட்டுத்தான் வந்தேன், எனக்கு ஒண்ணும் அவசரமில்ல" என்றது குரங்கு.

எல்லாருக்கும் பின்னால் வேகநாதன். அவன் பார்த்துக்கொண்டே இருந்தான். சுடர்விழியின் காருக்கும் முயலின் காருக்கும் நடுவே ஒரு சந்து. ஒரு கார் நுழையலாம். அந்தச் சந்துக்கு அந்தப்பக்கம் ரோடு. காலி ரோடு.

"அப்பா" என்றான் ரேடியோவில்.

"தெரியும்டா. வேண்டாம்டா."

"யாருமே இல்லப்பா முன்னாடி."

"போனீன்னா உடும்பார் உன்னைச் சும்மா விடமாட்டாருடா. சீட்டு போயிடும். இத்தனை வருஷமா இதுக்குத்தானே நாயா பேயா அலைஞ்சோம்? சொன்னாக் கேளு கண்ணு."

"நீ அலைஞ்சது சீட்டுக்கு. நான் அலைஞ்சது இதுக்குப்பா" என்றான் வேகநாதன்.

அப்பன் ரேடியோவைப் பிடித்தபடி அந்தக் காலி ரோட்டைப் பார்த்தான். அவன் யோசித்துக்கொண்டிருந்தானா, அழுதுகொண்டிருந்தானா, தெரியாது. தேவாங்குக்கு இரண்டும் ஒரே முகம்தான். வேகநாதன் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. ஆக்சிலேட்டரை ஒரே மிதி. கார் சந்தில் நுழைந்து, கோட்டைத் தாண்டி, காலி ரோட்டில் பாய்ந்தது. கொக்கு பதறிப்போய்க் கொடியைத் தன் தலையிலேயே போட்டுக்கொண்டது.

"முதல்ல வந்துட்டான்!" என்று காடே எழுந்து கத்தியது. தூங்கிப்போயிருந்த எருமையும் எழுந்து கத்தியது.

உடும்பார் மட்டும் கத்தவில்லை. பேனாவைத் திறந்தார். "டிராக்குல வண்டிங்க நின்னா மஞ்சள் கொடி நேரம். மஞ்சள் கொடி நேரத்துல முந்துறது குத்தம்!" நோட்டீஸை எழுதிக் கிழித்துக்கொண்டு காரின் பின்னால் ஓட ஆரம்பித்தார்.

அப்போதுதான் ரேடியோ அலறியது. வாழ்நாளிலேயே முதல் தடவையாகச் சாந்தப்பன் வேகமாகப் பேசினான்.

"நிக்காதடா! நிறுத்தாத! வண்டி நின்னாத்தான் நோட்டீஸ் குடுக்க முடியும். எத்தனை வருஷம் அந்த வாசல்ல உக்காந்து கேட்டுக்கிட்டு இருந்திருக்கேன்! ஓட்டுறா என் ராசா, ஓட்டு!"

"அப்ப சீட்டு?"

"சீட்டு கிடக்குது கழுதை! நீ ஜெயிச்சிருக்கடா! ஓட்டு!"

பக்கத்திலிருந்த கழுதை கோபித்துக்கொண்டது. அதைச் சமாதானப்படுத்த அப்போது யாருக்கும் நேரமில்லை.

வேகநாதன் மைதானத்து வாசல் வழியாக வெளியே போனான். உடும்பார் மூச்சிரைக்க வாசல்வரை ஓடிவந்தார். அங்கே தரையில் ஒரு வெள்ளைக் கோடு. பந்தயம் முடியும்முன் யார் அதைத் தாண்டினாலும் தண்டனை. பின்னால் மற்ற கார்கள் இன்னும் நின்றுகொண்டிருந்ததால் பந்தயம் முடியவில்லை. உடும்பார் கோட்டைப் பார்த்தார், கையிலிருந்த நோட்டீஸைப் பார்த்தார், தன் காலைப் பார்த்தார். தாண்டினால் தனக்குத்தானே எழுதிக்கொள்ள வேண்டும். அப்படியே நின்றுவிட்டார்.

சுடர்விழியும் மற்றவர்களும் கோட்டுக்கு இந்தப்பக்கமே நின்றார்கள். ஓடிப்போனவனுக்குத் தண்டனை உறுதியானால் இரண்டாவதாகத் தாண்டுகிறவர் முதலாவது ஆகிவிடுவாரே! அந்த வம்பு யாருக்கு வேண்டும்? கரடியார் கொட்டாவி விட்டுப் பார்த்தார், மாலையைக் கழற்றினார், கார் சீட்டைத் தன் தங்கச்சி மகனுக்குக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனார். அந்தப் பையன் அதுவரை சைக்கிள்கூட ஓட்டியதில்லை. முதல் வளைவில் நேராகப் போய்விட்டான். அது வேறு கதை, அதை என் வாயால் சொல்ல வைக்காதீர்கள்.

சாந்தப்பன் நடந்தே வீட்டுக்கு வந்தான். மறுநாள் மத்தியானம்தான் வந்து சேர்ந்தான். மரத்தடியில் பந்தயக் கார் நின்றது. மேலே கிளையில் பிள்ளை உட்கார்ந்திருந்தான். அப்பன் ஏறிப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தான். டிபன் பாக்ஸைத் திறந்து, இருவரும் ஈசல் பொரியைக் கொறித்து முடித்தார்கள்.

"எப்படிடா இருந்துச்சு?" என்று கடைசியில் கேட்டான் சாந்தப்பன்.

"பயமா இருந்துச்சுப்பா."

"ஏன்டா?"

"டிராக்குக்கு வெளிய எந்தப் பக்கம் திரும்பணும்னே தெரியல. எப்பவும் முன்னாடி போறவங்களைப் பாத்துத்தானே திரும்புவேன்? நேத்து யாருமே இல்ல. எனக்குத் தெரிஞ்ச ஒரே வழி நம்ம வீட்டு வழிதான். வந்துட்டேன்."

சாந்தப்பன் சிரிக்க ஆரம்பித்தான். அவன் சிரித்து முடிக்கச் சாயங்காலம் ஆனது. அதுவரை வேகநாதன் அவன் தோளில் சாய்ந்துகொண்டிருந்தான். மைதானத்தில் முடிவு இன்னும் அறிவிக்கப்படவில்லை. ஆகவே இந்த நிமிஷம்வரை ஜெயித்தவன் அவன்தான்.

நீதி: வாழ்க்கையில் ஒரு தடவையாவது முதலில் வந்துவிடுங்கள். வந்ததும் பரிசுக்காக நிற்காதீர்கள். முடிவு சொல்வதற்குள் வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்ளுங்கள்.